பாஸ்வேர்டு யாருடையது?

போன மாதம் திண்டிவனத்தில் தெரிந்த பையன் ஒருவன் கேட்டான். பி.காம். முடித்துவிட்டு சி.ஜி.எல். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். "ஏண்ணா, ஆடிட்ல சேந்தா ஜெனிவாவுக்குலாம் அனுப்புவாங்களாமே, நெசமா?"

நெசம்தான். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது எல்லோரும் சொல்கிற சி.ஏ.ஜி., 2020 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வெளித் தணிக்கையாளர். 2024 முதல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கும் அவர்தான். இரண்டுக்கும் தலைமையகம் ஜெனிவா. ரோமில் இருக்கும் உணவு மற்றும் வேளாண் அமைப்புக்கும் 2020இலிருந்து ஆறு ஆண்டுகள் இந்தியத் தணிக்கைதான். இந்த வேலைகளுக்கெல்லாம் நம் தணிக்கைத் துறை அதிகாரிகள் குழுவாகப் போய்வருகிறார்கள். லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றத்தில் நேரடியாக அதிகாரி ஆக முடியுமா என்றால், பொதுவாக முடியாது. அதற்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடியுரிமை வேண்டும். ஆனால் திண்டிவனத்தில் படித்து, சி.ஜி.எல். எழுதி, உதவித் தணிக்கை அலுவலராகச் சேர்ந்து, என்றாவது ஒருநாள் ஜெனிவாவில் கணக்குப் பார்ப்பது நடக்காத காரியம் இல்லை. அடிப்படைச் சம்பளமே 47,600 ரூபாயில் தொடங்குகிறது. பையன் ஆசைப்படுவதில் தப்பில்லை.

அவனிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகுதான் ஒன்று உறுத்தியது. கணினியும் தணிக்கையும் சேரும் இடத்தில் என்ன நடக்கும் என்று படிக்க ஜெனிவா வரைக்கும் போக வேண்டியதில்லை. அவனுடைய விழுப்புரம் மாவட்டத்திலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் 2020இல் நடந்த ஒரு விஷயமே போதும். ஊரில் அதற்குப் பெயர் 'கிசான் பண ஊழல்'. நாம் எல்லோரும் செய்தியாகப் படித்து மறந்துவிட்டோம். அதைத் திரும்ப எடுத்து, அரசே வெளியிட்ட கணக்கை வைத்து வாசித்தபோது தோன்றியவை இந்தக் குறிப்புகள்.

என்ன நடந்தது

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் நேராக வங்கிக் கணக்கில் வரும். முதலில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்குத்தான். அந்த ஆண்டுத் தேர்தல் முடிந்த கையோடு அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுகிறவர், அரசு ஊழியர் போன்றவர்களுக்குக் கிடையாது. சொந்தமாக நிலம் இல்லாத குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் கிடையாது.

விவசாயி தானே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதியும் வந்தது. தானே என்றால் பிரவுசிங் சென்டர் வழியாக என்று பொருள். ஆதார், பேங்க் பாஸ்புக், பட்டா நகல் கொடுத்தால் அவர்கள் போட்டுக் கொடுப்பார்கள். அப்படி வெளியிலிருந்து வரும் பதிவை உள்ளிருந்து ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலுக்கான லாகின் வேளாண் துறை அலுவலர்களிடம் இருந்தது.

2020இல் கொரோனா ஊரடங்குக் காலத்தில் அந்த லாகினும் பாஸ்வேர்டும் அலுவலகத்தை விட்டு வெளியே போயின. ஒப்பந்தப் பணியாளர்கள், இடைத்தரகர்கள், கம்ப்யூட்டர் சென்டர்கள் வரை போயின. நிலமே இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் விவசாயிகள் ஆனார்கள். கொரோனா பணம் வருகிறது என்று சொன்னதை நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் நீட்டியவர்கள் பலர். ஆகஸ்ட்டில் விஷயம் வெளியே வந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கல்பட்டு என்று மாவட்டங்களின் பெயர் வந்தது. 2020இல் மத்திய வேளாண் அமைச்சகம் தமிழக அரசை மேற்கோள் காட்டி வெளியிட்ட விளக்கத்தின்படி, 5.95 லட்சம் கணக்குகளைச் சோதித்ததில் 5.38 லட்சம் பேர் தகுதியற்றவர்கள். தொகை 110 கோடி. அதில் 61 கோடியை அப்போதே திரும்ப வசூலித்துவிட்டார்கள். 96 ஒப்பந்தப் பணியாளர்கள் வேலையிலிருந்து நீக்கம். 34 அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை. கைதானவர்கள் 52 பேர், அதில் 19 பேர் ஒப்பந்தப் பணியாளர்கள்.

ஒரு சின்னக் கணக்கு

110 கோடியை 5.38 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 2,045 ரூபாய் வருகிறது. ஒரு தவணை 2,000.

அதாவது சராசரியாக ஒருவருக்கு ஒரே ஒரு தவணைதான் போயிருக்கிறது. சிலருக்கு இரண்டு போயிருக்கலாம், சிலருக்குப் போகாமலே நின்றிருக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்த கதை இது இல்லை என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. சில மாதங்களுக்குள், ஒரு தவணைக்கும் அடுத்ததுக்கும் நடுவில், ஐந்து லட்சம் பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

கையால் எழுதிய பதிவேடாக இருந்திருந்தால் ஐந்து லட்சம் பொய்ப் பெயரை எழுதி முடிக்கவே ஒரு வருஷம் ஆகியிருக்கும். எழுதுகிற வேகம் குறைவாக இருந்ததால் திருடுகிற வேகமும் குறைவாக இருந்தது. அந்தப் பழைய மந்தத்துக்குத் தகுந்த மாதிரிதான் நம் தணிக்கையும் அமைந்திருக்கிறது. வருஷம் முடியும், கணக்கு வரும், தணிக்கைக் குழு வரும், 'ஆடிட் பாரா' எழுதும், துறை பதில் சொல்லும், அரசியல் சட்டத்தின் 151ஆவது பிரிவின்படி அறிக்கை ஆளுநரிடம் போய்ச் சட்டமன்றத்தில் வைக்கப்படும், பிறகு பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொள்ளும். பணம் கணினி வேகத்தில் போகிறது, கேள்வி கட்டைவண்டியில் வருகிறது. இதைத் தணிக்கைத் துறையின் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். நடந்த பிறகு பார்ப்பதற்காகவே படைக்கப்பட்ட துறை அது.

அப்படியானால் நடக்கும்போதே பார்க்கும் கண் எது? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

இரட்டைப் பூட்டு

அரசுக் கருவூலங்களில் இரட்டைப் பூட்டு என்று ஒரு ஏற்பாடு உண்டு. மதிப்புள்ளவை இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனியாகத் திறக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. யாரையும் அவமதிக்காத ஏற்பாடும்கூட. 'உன்மேல் சந்தேகம்' என்று சொல்லாமல் 'இது ஒரு ஆள் வேலை இல்லை' என்று சொல்கிறது.

கிசான் திட்டத்திலும் காகிதத்தில் இரண்டு பூட்டு இருந்தது. பதிவு ஒருவர், ஒப்புதல் இன்னொருவர். ஆனால் ஒப்புதல் சாவி வெளியே போனதும் இரண்டும் ஒரே கைக்கு வந்துவிட்டது. இரும்புச் சாவி காணாமல் போனால் காலையில் தெரிந்துவிடும். பாஸ்வேர்டு வேறு மாதிரி. அது உங்களிடமும் இருக்கும், அடுத்தவரிடமும் இருக்கும். இருவரில் யார் திறந்தாலும் பதிவேட்டில் உங்கள் பெயர்தான் விழும்.

அரசின் விளக்கத்தை ஒரு எழுத்தாக வாசித்தால் அதன் மையச் சொல் பாஸ்வேர்டுதான். பாஸ்வேர்டைக் காக்கத் தவறியவர்கள் என்று சிலர், அதைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் என்று சிலர். கதையில் இருப்பது தவறியவரும் தவறு செய்தவரும் மட்டும். பாஸ்வேர்டு ஏன் கைமாறியது என்ற கேள்வி அந்த எழுத்தில் எங்கேயும் இல்லை. என் விமர்சனம் அதன்மீதுதான்.

ஏன் கைமாறும்? எந்த அரசு அலுவலகத்திலும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தெரியும். நிலக்கடலையில் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ரகங்கள் இருக்கின்றன. டி.எம்.வி. என்றால் திண்டிவனம், இங்கே இருக்கும் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்தவை. அந்த மாதிரி ரகத்தைக் கொண்டுபோய் ஊரில் சேர்ப்பதற்குத்தான் வேளாண் விரிவாக்க ஊழியர் என்ற வேலையே வந்தது. இன்றைக்கு ஒரு உதவி வேளாண் அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார். விதை, உரம், மண்வள அட்டை, பயிர்க் காப்பீடு, சொட்டுநீர், உழவன் செயலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு லாகின், சாயங்காலத்துக்குள் மேலே அனுப்ப வேண்டிய ஒரு எண்ணிக்கை. வயலுக்குப் போகிறவர் கணினி முன்னால் உட்கார முடியாது, உட்காருகிறவர் வயலுக்குப் போக முடியாது. அப்போது, "தம்பி, என் லாகின்ல போட்டுடு" என்று சொல்வது ஊழலின் முதல் படியாகத் தெரியாது. வேலை ஓட வேண்டுமே என்ற தவிப்பாகத்தான் இருக்கும்.

அந்தத் தம்பி யார்? பெரும்பாலும் ஒப்பந்த ஆள். அட்மா திட்டத்தில் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர், உதவித் தொழில்நுட்ப மேலாளர் என்று ஒப்பந்தப் பதவிகள் இருக்கின்றன. பெயரில் தொழில்நுட்பமும் இருக்கிறது, மேலாளரும் இருக்கிறது. கையில் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது. இவர்களுக்கும் கீழே டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள். அரசாங்கத்தின் கணினி உண்மையில் ஓடுவது இவர்கள் விரலில். ஆனால் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்காது. வேறு ஒருவர் லாகினுக்குள் இருக்கும் ஆவி மாதிரி இருக்கிறார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் நியாயமானது, நானே சொல்லிவிடுகிறேன். ஐந்து லட்சம் பொய்ப் பெயர் தவிப்பில் வந்ததில்லை. கமிஷன் வாங்கினார்கள். தலைக்கு இவ்வளவு என்று பேசினார்கள். ஒப்பந்த ஊழியர் என்பதாலேயே ஒருவரைப் பாவம் என்று சொல்ல முடியாது. அதே சம்பளத்தில், அதே லாகினில், நேர்மையாக வேலை பார்த்தவர்கள் அவர்களைவிட அதிகம். சரி. திருடியவருக்குத் தண்டனை வேண்டும். ஆனால் திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. கதவு ஏன் திறந்திருந்தது என்று கேட்பதுதான் தணிக்கையின் வேலை. 96 பேரை நீக்கியதும் கதவு மூடிக்கொண்டதாக நினைத்தால், அடுத்த திட்டத்தில் அடுத்த 96 பேர் அதே நாற்காலியில் உட்காருவார்கள்.

பத்து ஒன்பது

சி.ஏ.ஜி.யின் தணிக்கை கணினியைப் பார்ப்பதே இல்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே பார்க்கிறது. 2023இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத் தணிக்கை அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும். கிட்டத்தட்ட ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் இணைக்கப்பட்டிருந்தார்கள். அந்த எண் 9999999999. பத்து ஒன்பது.

தரவை மொத்தமாக எடுத்து அலசினால்தான் இது கிடைக்கும். மாதிரிக்கு நூறு கோப்பை எடுத்துப் பார்க்கும் பழைய முறையில் கிடைத்திருக்காது. நல்ல வேலை. எதிர்க்கட்சிகள் ஊழல் என்றன. பயனாளியை அடையாளம் காண்பதில் கைபேசி எண்ணுக்குப் பங்கே இல்லை என்று அரசு சொன்னது. இரண்டு பக்கமும் அதோடு நின்றுவிட்டது.

எனக்கு அந்தப் பத்து ஒன்பதை அடித்த விரல்தான் கண்ணில் நிற்கிறது. கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாத ஒரு படிவம். எதிரே போன் இல்லாத ஒரு கிழவி. அவளுக்குப் பின்னால் நீளும் வரிசை. ஒரே விசையில் பத்து அடி அடித்தால் திரை நகர்ந்துவிடும். நேரில் பார்த்து எழுதவில்லை, என் ஊகம்தான். ஆனால் நாட்டின் பல மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாத பல பேர் ஒரே எண்ணை அடித்திருக்கிறார்கள் என்றால், அது சதியாக இருக்க வாய்ப்பு குறைவு. படிவத்தின் மீது வந்த புகார் என்று வாசித்தால்தான் பொருள் படுகிறது. ஏழரை லட்சம் தடவை எழுதப்பட்ட புகார். தணிக்கை அதை எண்ணிச் சொன்னது, அதற்கு நன்றி. எழுதியவர் யார், அவர் ஏன் அப்படி எழுத வேண்டியிருந்தது என்ற அத்தியாயத்துக்கு அந்த அறிக்கையில் இடமில்லை.

தணிக்கை அறிக்கை என்ற எழுத்து வடிவத்துக்கே இந்தக் குறை உண்டு. அதன் வாக்கியங்களில் எழுவாய் பெரும்பாலும் துறை, அல்லது ஒரு எண். 'உள்கட்டுப்பாடு போதுமானதாக இல்லை' என்று எழுதிவிட்டால் போதும். உள்கட்டுப்பாடு என்பது ஒரு நாற்காலியில் ஒரு ஆள், அவருக்கு ஒரு நாள், அந்த நாளில் எட்டு மணி நேரம் என்பது வாசிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

கிரேக்கத்திலும் இதே கதை

இதைப் படிக்கும் சிலர், 'நம்ம ஆளுங்களே இப்படித்தான், ஐரோப்பாவில் நடக்குமா' என்று நினைக்கலாம். அதற்காகவே கிரேக்கக் கதை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாய மானியத்துக்கு இருக்கும் ஏற்பாடு நம்முடையதைவிடப் பல மடங்கு கெட்டியானது. ஒவ்வொரு நிலத்துண்டும் வான்வழிப் படத்தின் மேல் எல்லை வரைந்து பதிவாகியிருக்கும். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பயிர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேலே, லக்சம்பர்க்கில், 1977 முதல் வேலை செய்யும் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம். பெயர்தான் நீதிமன்றம், தண்டனை தர முடியாது, கருத்துத்தான் சொல்லும். ஒவ்வொரு ஆண்டும் ஒன்றியத்தின் செலவில் எத்தனை சதவீதம் விதிப்படி இல்லை என்று மதிப்பிட்டுச் சொல்கிறது. 2 சதவீதம் வரை பொறுக்கலாம் என்பது அளவுகோல். 2022 செலவுக்கு 4.2, 2023க்கு 5.6 சதவீதம் என்று சொன்னார்கள். பிழை எல்லாம் மோசடி ஆகாது என்ற விளக்கமும் கூடவே வரும். நம்மிடம் இப்படி ஒரு ஒற்றை எண் கிடையாது, இருந்தால் நல்லது.

இவ்வளவு இருந்தும் கிரேக்கத்தில் என்ன நடந்தது? அங்கே மானியத்தைப் பிரித்துக் கொடுக்கும் அரசு அமைப்பின் பெயர் ஓபெகேபே. மேய்ச்சல் நிலம் போதாத இடங்களுக்கு ஒரு 'தொழில்நுட்பத் தீர்வு' கண்டுபிடித்தார்கள். கிரீட் தீவில் ஆடு வைத்திருப்பவருக்கு, எங்கோ வடக்கே மலையில் இருக்கும் புறம்போக்கு மேய்ச்சலைக் காகிதத்தில் ஒதுக்குவது. ஆடு கடல் தாண்டி மேய வேண்டியதில்லை, மானியம் வந்தால் போதும். அந்த வழியில் ஆடும் இல்லாத, நிலமும் இல்லாத பலர் உள்ளே வந்தார்கள். ஒன்றியத்தின் வழக்குத் தொடுக்கும் அலுவலகம் விசாரிக்கத் தொடங்கியது. 2025 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கிரேக்கத்துக்கு சுமார் 392 மில்லியன் யூரோ பிடித்தம் போட்டது. ஒரு அமைச்சரும் துணை அமைச்சர்கள் சிலரும் பதவி விலகினார்கள். ஓபெகேபே அமைப்பையே கலைத்து வருமான வரித் துறையோடு சேர்ப்பதாக அரசு அறிவித்தது.

அந்த அமைப்புக்குள்ளேயே உள்தணிக்கைப் பிரிவின் தலைவியாக ஒரு பெண் அதிகாரி இருந்தார். சந்தேகத்துக்குரிய கணக்குகளை அவர் கண்டுபிடித்து நிறுத்தி வைத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ஓரங்கட்டினார்கள். பின்னால் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் அவர் வந்து சாட்சி சொன்னார். செயற்கைக்கோள், எல்லைப் படம், மென்பொருள் எல்லாம் இருந்தன. தவறைப் பார்த்தவரும் இருந்தார், பதவியோடும் அதிகாரத்தோடும். அவருடைய நாற்காலியை ஆட்ட முடிந்தது என்பதுதான் ஓட்டை.

கிரேக்கத்துக்கும் நமக்கும் ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அங்கே பிடித்தம் முதலில் விழுந்தது அரசாங்கத்தின் தலையில். மேற்பார்க்கத் தவறியது நீ, நீ கட்டு என்றார்கள். இங்கே 61 கோடி வந்தது பயனாளிகளின் கணக்கிலிருந்து. கொரோனா பணம் என்று நம்பிய கூலிக்காரர்களின் கணக்குகளும் அதில் உண்டு. 61 கோடி என்றால் மூன்று லட்சத்துச் சொச்சம் இரண்டாயிரம். வேலையே இல்லாத ஒரு வருஷத்தில் அந்த இரண்டாயிரத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். தரகருக்குக் கொடுத்த கமிஷன் திரும்பி வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊர்க் கண்

நடக்கும்போதே பார்க்கும் கண் எது என்று கேட்டிருந்தேன். பதில் திட்டத்தின் வழிகாட்டு நெறியிலேயே இருந்தது. தகுதியானவர் பட்டியலை கிராமத்தில் வெளியிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல தணிக்கை மென்பொருள் கிடையாது. எங்கள் பக்கத்தில் யாருக்கு எத்தனை காணி, எந்தக் காணி அண்ணன் பேரில், எது தம்பி பேரில், எது பேங்கில் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பட்டியலை உரக்கப் படித்தால் ஐந்தாவது பெயரிலேயே யாராவது எழுந்து, "இவருக்கு ஏதுய்யா நெலம்?" என்பார்கள்.

2020இல் அது ஏன் நடக்கவில்லை? ஒரு காரணம் கொரோனா. மே 1, ஆகஸ்ட் 15 இரண்டு கிராம சபைகளும் தமிழ்நாட்டில் கூடவில்லை. இன்னொரு காரணத்தை அந்தச் சமயத்தில் யாரும் சேர்த்துப் பேசியதாக நான் பார்க்கவில்லை. ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016இலேயே முடிந்துபோனது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. மாவட்டப் பிரிப்பைக் காரணம் காட்டி ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருநெல்வேலி, தென்காசி. அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்தான்.

மேலே சொன்ன ஊழல் மாவட்டப் பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஐந்து மாவட்டங்களில், பணம் போன அந்த மாதங்களில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. மீதி ஐந்தில் இருந்தார்கள், அங்கேயும் நடந்தது. அதனால் தலைவர் இல்லாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தலைவர் இருந்தால் யோக்கியம் வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் விழுப்புரத்தில் நான்கு வருஷமாகக் கேள்வி கேட்க ஊருக்குள் ஒரு பதவி இல்லை, கூடிக் கேட்க சபை இல்லை, வாசலில் ஒட்டிய பட்டியலை வந்து பார்க்க ஊரடங்கு விடவில்லை. மிச்சம் இருந்தது ஒரு பாஸ்வேர்டு. ஊரே பார்க்க வேண்டியதை எட்டு எழுத்துக்குள் அடைத்துவிட்டு, அது ஒழுகிவிட்டது என்று ஆச்சரியப்பட்டோம்.

ஆகவே இந்த விஷயத்தில் தணிக்கை கேட்டிருக்க வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்று. ஒரு லாகினில் ஒரு நாளைக்கு எத்தனை ஒப்புதல் போனது, ஒரு மனுஷனால் அத்தனை பட்டாவைப் பார்த்திருக்க முடியுமா? அந்த லாகினில் உண்மையில் உட்கார்ந்தவர் யார், அவருக்கு யார், எதன் பேரில் சம்பளம் கொடுத்தார்கள்? பட்டியல் எந்தத் தேதியில், எந்தச் சுவரில் ஒட்டப்பட்டது? முதல் கேள்விக்குப் பதில் கணினியிலேயே கிடைக்கும். நள்ளிரவில் போன ஒப்புதல்கூட நேரத்தோடு அதில் பதிவாகியிருக்கும். மூன்றாவதுக்கு ஊருக்குப் போக வேண்டும். இரண்டாவதுக்குத்தான் தைரியம் வேண்டும், ஏனென்றால் அதற்குப் பதில் சொன்னால் அரசு அலுவலகத்தில் பாதிப் பேர் யார் பெயரிலோ வேலை பார்க்கிறார்கள் என்பது அறிக்கையில் ஏறிவிடும்.

பையனை மறுபடி பார்த்தேன். ஜெனிவா போகலாம், நல்லாப் படி என்றேன். கூடவே இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது, அடுத்ததில் போய் உட்காரு, ஏதாவது ஒரு திட்டத்தின் பட்டியலைப் படிக்கச் சொல்லு, அதுதான் உனக்கு முதல் ஆடிட் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "படிக்கச் சொல்லலாம்ணா. ஆனா நீ எந்தக் கட்சின்னு கேப்பாங்களே?"

கிரேக்கத்துப் பெண்ணின் கதையை அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை; அவனுக்கே தெரிந்திருக்கிறது. "கேப்பாங்க" என்று மட்டும் சொன்னேன்.